யாட்மாஸ்டர் பயிற்சியும் பெரிய யாட் லைசென்ஸும்: கொடுத்த காசுக்குத் தகுமா?

தனியாருக்குச் சொந்தமான ஒரு மோட்டார் யாட்டில், அதாவது உல்லாசப் படகில், டெக் வேலை பார்க்கிறேன். கோடை முழுக்க பிரான்சின் ஆன்டீப் துறைமுகம்தான் எங்களுக்கு இருப்பிடம். சவுத்தாம்ப்டன் பக்கம் ஹாம்பிள் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு பயிற்சிப் பள்ளியில், ஆர்.ஒய்.ஏ. என்ற பிரிட்டிஷ் யாட் சங்கம் நடத்தும் யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர் என்ற படகு ஓட்டும் தேர்வுக்கான தயாரிப்பு வாரத்தை முடித்துத் தேர்விலும் தேறினேன். தூத்துக்குடியிலிருந்தும் குமரிப் பக்கமிருந்தும் தம்பிகள் மாறி மாறிக் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, இந்த கோர்ஸ் முடிச்சா பெரிய யாட் ஓட்டலாமா, இவ்வளவு காசு கட்டலாமா?" அதற்குப் பதிலாகத்தான் இந்த விமர்சனம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி நல்ல பயிற்சி. தேர்வு அதைவிட நல்ல தேர்வு. ஆனால் பெரிய யாட்டை ஓட்ட இந்த ஒரு சான்றிதழ் போதும் என்று நம்பிக் காசு கட்டாதீர்கள். இது ஏணியின் முதல் படி. மேலே இருக்கிற படிகளைக் காசு கொடுத்து வாங்க முடியாது, கடலில் நாள் கழித்துத்தான் ஏற முடியும். இதைப் பள்ளிகளின் விளம்பரத் தாள்களில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, அதுதான் எனக்கு இருக்கிற பெரிய வருத்தம்.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்த்துவிடலாம், அது தெரியாமல் பயிற்சியை எடைபோட முடியாது. பிரிட்டிஷ் கொடி கட்டிய படகையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பெரிய யாட் உலகத்தில் பெரும்பகுதி அந்தக் கொடிக் குடும்பத்தில்தான் இருக்கிறது. கேமன் தீவுகள், ஐல் ஆஃப் மேன், பெர்முடா, ஜிப்ரால்டர் எல்லாம் சேர்ந்த ரெட் என்சைன் குழு அது. 24 மீட்டருக்குக் குறைந்த உல்லாசப் படகைச் சொந்த உபயோகத்துக்கு ஓட்ட பிரிட்டிஷ் சட்டம் எந்த லைசென்ஸும் கேட்பதில்லை. கார் ஓட்டப் பரீட்சை வைக்கிற நாடு, இரண்டு பெரிய எஞ்சின் வைத்த 20 மீட்டர் படகை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்கிறது. நீளம் 24 மீட்டரையும் கொள்ளளவு 80 ஜி.டி.யையும் (கிராஸ் டன்னேஜ்) தாண்டிவிட்டால் கதை மாறுகிறது: சொந்தப் படகே ஆனாலும் முறையான சான்றிதழ் வைத்திருக்கும் கேப்டன் வேண்டும்.

இந்த 24 மீட்டரில் ஒரு நுணுக்கம் உண்டு. அணியத்திலிருந்து பின்புறம் வரை டேப் வைத்து அளக்கிற நீளம் இல்லை அது. லோட் லைன் நீளம் என்று தனிக் கணக்கு. படகு உடலின் உயரத்தில் 85 சதவீத மட்டத்தில் ஒரு நீர்க்கோடு போட்டு, அந்தக் கோட்டின் நீளத்தில் 96 சதவீதத்தை எடுக்கிறார்கள், அல்லது அதே கோட்டில் முன்முனையிலிருந்து சுக்கான் அச்சு வரை எடுக்கிறார்கள். இரண்டில் எது பெரிதோ அதுதான் கணக்கு. அதனால் விளம்பரத்தில் 26 மீட்டர் என்று போட்டிருக்கும் படகு சட்டத்தின் கண்ணில் 24-க்குள் அடங்கிவிடலாம், கட்டுகிறவர்களும் இதைத் தெரிந்துதான் வடிவமைக்கிறார்கள். ஜி.டி.யும் அப்படித்தான், அது எடையைச் சொல்வதில்லை, மூடிய இடத்தின் கொள்ளளவைச் சொல்கிறது. 500 ஜி.டி. தொட்டால் விதிகள் கடுமையாகும் என்பதற்காகவே 499 ஜி.டி.யில் எத்தனையோ யாட்டுகள் கட்டப்பட்டிருக்கின்றன. ஆன்டீபில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற படகுகளின் விவரத்தைப் பார்த்தாலே தெரியும். வேலைக்குச் சேரும் முன்பு படகின் பதிவுச் சான்றிதழில் இந்த இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

ஏணி இப்படிப் போகிறது. சம்பளத்துக்கு ஓட்ட விடும் வணிக அனுமதி முத்திரையோடு இருக்கும் யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர், 24 மீட்டருக்குள் இருக்கும் படகுகளுக்கு, பாதுகாப்பான துறைமுகத்திலிருந்து 150 கடல்மைல் வரை. அதைத் தாண்டினால் எம்.சி.ஏ. என்கிற பிரிட்டிஷ் கடலோரக் காவல் முகமையின் சான்றிதழ்கள்: 200 ஜி.டி.க்குக் கீழ் மாஸ்டர் (கேப்டன்), அப்புறம் 3000 ஜி.டி. வரைக்குமான வாட்ச் அதிகாரி (முறை வைத்து ஓட்டப் பொறுப்பேற்கிறவர்), அதற்கு மேல் 500 ஜி.டி. மாஸ்டர், 3000 ஜி.டி. மாஸ்டர். 3000-ஐயும் தாண்டிய ராட்சத யாட்டுகளுக்கு வணிகக் கப்பல் கேப்டனுக்கு உரிய முழுச் சான்றிதழே வேண்டும். ஆக, இந்தியாவில் முறையாகப் படித்து வணிகக் கப்பலில் அதிகாரியாக இருப்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது, அவர்கள் இந்தக் கோர்ஸுக்குக் காசு கட்டும் முன்பு தங்கள் சான்றிதழுக்கு இணையான அங்கீகாரம் கிடைக்குமா என்று எம்.சி.ஏ.விடம் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

சரி, பயிற்சிக்கு வருகிறேன்.

சாலென்ட் என்பது இங்கிலாந்துக்கும் வைட் தீவுக்கும் நடுவே இருக்கிற நீர்ப்பாதை. கற்றுக்கொள்ள இதைவிடக் கறாரான இடம் எனக்குத் தெரியாது. நம் ஊர்க் கடற்கரையில் ஓதம் அவ்வளவு ஏறி இறங்குவதில்லை, மத்தியதரைக் கடலிலும் அப்படியே, அதனால் அந்தக் கணக்கைப் புத்தகத்தில் படித்தாலும் உடம்புக்குப் புரியாது. சாலென்டில் தண்ணீர் மீட்டர் கணக்கில் ஏறி இறங்குகிறது. சவுத்தாம்ப்டனில் ஒரே ஓதத்தில் இரண்டு உச்சம் வருகிறது. மேற்கு வாயிலில் ஹர்ஸ்ட் கோட்டை அருகே நீரோட்டம் 4 நாட் (மணிக்கு 4 கடல்மைல்) வேகத்துக்கும் மேல் இழுக்கிறது, எதிர்க்காற்று சேர்ந்தால் அலை செங்குத்தாக எழும்பும். நடுவில் பிராம்பிள் என்ற மணல்திட்டு; தண்ணீர் நன்றாக இறங்குகிற நாளில் வெளியே தெரியும், ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு படகுக் கிளப்புகள் அதன்மேல் நின்று கிரிக்கெட் ஆடுகின்றன. அந்தத் திட்டைச் சுற்றித்தான் பெரிய கண்டெய்னர் கப்பல்களும் பயணிகள் கப்பல்களும் திரும்பி உள்ளே வருகின்றன. 150 மீட்டருக்கு மேற்பட்ட கப்பல் வரும்போது அதன் முன்னால் 1000 மீட்டர், இரு பக்கமும் 100 மீட்டர், யாரும் நுழையக் கூடாது. நம் கையில் சுக்கான் இருக்கும்போது இதெல்லாம் சேர்ந்து வரும்.

பயிற்றுநர் பொறுமைசாலி, கத்தாதவர், அதே சமயம் எதையும் விட்டுக்கொடுக்காதவர். ஜெட்டியில் படகு கட்டும்போது "இப்போ காற்று எங்கிருந்து, நீர் எங்கே இழுக்குது, எஞ்சின் நின்னுபோனா எங்கே போவோம்?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் த்ராட்டிலில் கை வைக்க விடுவார். படகின் முன்முனையைப் பக்கவாட்டில் தள்ளுகிற பவ் த்ரஸ்டரைத் தொட முதல் நாளிலேயே தடை. இரண்டு ப்ரொப்பெல்லரை முன்னும் பின்னுமாகக் கொடுத்தே திரும்பப் பழகினோம். எனக்கு வாரத்தின் மிக உயர்ந்த பகுதி அதுதான், யாட்டில் வருஷக்கணக்கில் கயிறு பிடித்துக்கொண்டு நின்றாலும் கிடைக்காத பழக்கம் அது. பியூலி ஆற்று வாயிலில் மணல்மேட்டைத் தாண்ட எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று கையால் கணக்குப் போட வைத்தார், மின்னணு வரைபடத்தைத் துணியால் மூடிவிட்டு. பார்வை இல்லாத ஓட்டமும் உண்டு: கீழே அறையில் உட்கார்ந்து, ஆழமானி எண்ணையும் காகித வரைபடத்தையும் கடிகாரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு மேலே இருப்பவருக்குத் திசை சொல்லி ஒரு மிதவைக்குக் கொண்டுபோக வேண்டும். மூடுபனியில் ராடார் கெட்டுப்போன நிலைக்கு அதுதான் ஒத்திகை.

குறை என்று சொன்னால், இந்தப் பள்ளியின் கட்டண அறிவிப்பில் எரிபொருளும் இரவில் படகு கட்டும் கட்டணமும் சேராது என்பதைப் பெரிதாக எழுதியிருக்கவில்லை. தேர்வுக் கட்டணம் ஆர்.ஒய்.ஏ.வுக்குத் தனியாகக் கட்ட வேண்டியது, அது எல்லா இடத்திலும் அப்படித்தான். மோட்டார் படகு டீசலை எப்படிக் குடிக்கும் என்று தெரியாதவர்கள் பட்ஜெட் போடும்போது திணறிப்போவார்கள். அறை நெருக்கடி, சாப்பாடு நாமே சமைப்பது, இதெல்லாம் குறையில்லை, படகு என்றால் அப்படித்தான்.

தேர்வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தேர்வாளர் பள்ளியைச் சேர்ந்தவர் இல்லை, ஆர்.ஒய்.ஏ. அனுப்புகிறவர், நாம் தேறினாலும் தோற்றாலும் அவருக்கு லாபம் இல்லை. ஒருவருக்கு 8 முதல் 12 மணி நேரம், இருவர் என்றால் 10 முதல் 18 மணி நேரம். பகலில் தொடங்கி இரவுக்குள் போகும். வெளிச்சம் இல்லாத சிற்றாற்றுக்குள் நுழைவது, ஆள் கடலில் விழுந்தால் மீட்பது, பயணத் திட்டம், மோதல் தவிர்ப்பு விதிகள், கப்பல் விளக்குகள், வானிலை, எஞ்சின் கோளாறு என்று எதையும் எப்போது வேண்டுமானாலும் கேட்பார். நான் கவனித்தது, நாம் படகை எவ்வளவு அழகாகக் கட்டுகிறோம் என்பதைவிட, கூட இருப்பவர்களுக்கு எப்படி வேலை சொல்கிறோம், சரியாக வராது என்று தெரிந்ததும் விலகிப்போய் மறுபடி வருகிறோமா என்பதைத்தான் அவர் உற்றுப் பார்த்தார். 1875-இல் தொடங்கிய சங்கத்தின் இந்தச் சான்றிதழுக்கு உலகம் முழுக்க ஏன் மதிப்பு என்று அன்றைக்கு இரவு புரிந்தது.

தேர்வுக்குப் போக முன்தகுதி உண்டு: கடலில் 50 நாள், 2500 கடல்மைல், 60 கடல்மைலுக்கு மேற்பட்ட 5 பயணங்கள், அதில் இரண்டு இரவு தாண்டியவை, இரண்டில் நீங்களே ஸ்கிப்பர், அதாவது படகுக்குப் பொறுப்பாளர். பாதியாவது ஓதம் உள்ள கடலில் ஆகியிருக்க வேண்டும். ரேடியோ சான்றிதழும் முதலுதவிச் சான்றிதழும் கையில் வேண்டும். பெரிய யாட்டில் டெக் கழுவிய நாட்களை எல்லாம் அப்படியே எழுதிக்கொண்டு போக முடியாது, சிறு படகில் ஓட்டிய அனுபவமும் வேண்டும்.

இங்கேதான் அந்த விரைவுக் கோர்ஸுகள் வருகின்றன. படகில் கால் வைக்காதவரைச் சில மாதங்களில் யாட்மாஸ்டர் ஆக்கிவிடுகிறோம் என்று பல நாடுகளில் பள்ளிகள் விற்கின்றன. விதிப்படி அது தப்பில்லை, 50 நாளும் 2500 மைலும் காட்டிவிடுகிறார்கள். ஆனால் ஒரே படகில் பலர் சேர்ந்து சுற்றி, முறை வைத்து ஸ்கிப்பர் ஆகி எடுத்த மைல்கள் அவை. அப்படி வந்தவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன், நல்ல பிள்ளைகள்தான், ஆனால் திடீரென்று காற்று மாறினால் கண்ணில் பயம் தெரியும். நிலத்தை அடகு வைத்து, கடன் வாங்கி இதற்குப் பணம் கட்டுகிற குடும்பங்கள் நம் பக்கம் இருப்பதால் மனசு பொறுக்காமல் சொல்கிறேன், முதல் வேலை கேப்டன் வேலை இல்லை, டெக்ஹேண்ட் வேலைதான். அதற்கு யாட்மாஸ்டர் கட்டாயம் இல்லை. எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற சர்வதேசக் கடலோடித் தரத்தின்படியான அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியும் மருத்துவச் சான்றிதழும் போதும்.

மருத்துவச் சான்றிதழை எல்லாவற்றுக்கும் முன்னால் எடுங்கள். எங்-ஒன் என்று சொல்வார்கள், அதிகபட்சம் இரண்டு வருஷம் செல்லும். அதில் நிறப்பார்வைச் சோதனை இருக்கிறது. சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாதவர் இரவில் கப்பல் விளக்குகளைப் படிக்க முடியாது, வாட்ச் நிற்கும் பதவிக்குப் போக முடியாது. இந்தக் குறை இருப்பதே பல ஆண்களுக்கு அதுவரை தெரிந்திருக்காது. கோர்ஸுக்கெல்லாம் பணம் கட்டிவிட்டுக் கடைசியில் இதைத் தெரிந்துகொள்வதைப் போல வேதனை வேறில்லை.

இப்போது சான்றிதழின் மீதான என் முக்கியமான விமர்சனம். தேர்வுப் படகு 7 மீட்டரிலிருந்து 18 மீட்டருக்குள் இருந்தால் போதும். அந்தச் சிறிய படகில் தேறியவர், அதையே அடித்தளமாக வைத்து, இன்னும் சில சான்றிதழ்கள் சேர்த்து 200 ஜி.டி. வரை மாஸ்டர் ஆகலாம். 12 மீட்டர் படகு காற்றில் நகர்வதும் 35 மீட்டர் யாட் நகர்வதும் ஒன்றில்லை. கனமான படகு மெதுவாகத் தொடங்கும், தொடங்கிவிட்டால் நிற்காது. மேல்தளத்தில் நின்று ஓட்டுகிறவருக்குப் பின்புறம் தெரியாது, டெக்கில் இருப்பவர் ரேடியோவில் சொல்லும் தூரத்தை நம்பித்தான் பின்னால் வர வேண்டும். இந்தப் பழக்கத்தை எந்தத் தேர்வும் பார்ப்பதில்லை.

படகின் நிலைத்தன்மைப் பாடமும் யாட்மாஸ்டரில் மேலோட்டம்தான். எவ்வளவு சாய்ந்தால் படகு திரும்ப நிமிரும், தொட்டியில் எரிபொருள் குறைந்தால் என்ன ஆகும், எந்தக் கதவு திறந்திருந்தால் தண்ணீர் உள்ளே வரும் என்பதை மேல்நிலை மாஸ்டர் படிப்பில்தான் ஒழுங்காகக் கற்றுத் தருகிறார்கள். 2015 ஜனவரியில் இதே பிராம்பிள் திட்டில் ஹோக் ஒசாகா என்ற கார் ஏற்றும் கப்பல் சாய்ந்தபடி ஏறி நின்றதே, புறப்படும் முன்பு நிலைத்தன்மையைச் சரியாகக் கணக்கிடாததுதான் காரணம் என்று பிரிட்டிஷ் விபத்து விசாரணையில் சொன்னார்கள். யாட் உலகத்தையே உலுக்கியது 2024 ஆகஸ்ட் 19. சிசிலியில் போர்ட்டிசெல்லோ ஊருக்கு எதிரே நங்கூரமிட்டிருந்த 56 மீட்டர் பாய்மர யாட் 'பேய்சியன்', பிரிட்டிஷ் கொடி, புயல்காற்றில் சாய்ந்து மூழ்கியது. 22 பேரில் 7 பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் வந்த இடைக்கால அறிக்கை, பாய் இறக்கி எஞ்சினில் ஓடும் நிலையில் 63.4 நாட் வேகத்துக்கு மேற்பட்ட காற்று பக்கவாட்டில் அடித்தால் அந்தப் படகைக் கவிழ்க்கப் போதும் என்றும், இந்தப் பலவீனம் படகில் இருந்த நிலைத்தன்மைக் கையேட்டில் இல்லை என்றும், உரிமையாளருக்கோ ஊழியர்களுக்கோ தெரிந்திருக்கவில்லை என்றும் சொன்னது. அந்த ஊழியர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. சான்றிதழ் வைத்திருந்தாலும், ஏறுகிற ஒவ்வொரு படகின் கையேட்டையும் உட்கார்ந்து படித்து, அதில் இல்லாததைக் கேட்கிற பழக்கம் வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஆர்.ஒய்.ஏ. இதற்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும்.

வாட்ச் அதிகாரி படிக்கு 36 மாத யாட் சேவை, அதில் 365 நாள் கடல் சேவை, 15 மீட்டருக்குக் குறையாத படகுகளில். இதை எந்தப் பள்ளியும் விற்க முடியாது, அதனால்தான் அந்தப் படிக்கு மதிப்பு. ஒரு படகை விட்டு இறங்கும் அன்றே கேப்டனிடம் சேவைச் சான்றில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். கேப்டன்கள் படகு மாறிக்கொண்டே இருப்பார்கள், ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். பிறகு பி.ஒய்.ஏ. என்ற யாட் ஊழியர் சங்கம் அல்லது நாட்டிலஸ் என்ற கடலோடிகள் சங்கம் மூலம் அதைச் சரிபார்த்து வைத்துக்கொள்ளலாம்.

படகு வாங்கப் போகிற முதலாளிகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. 24 மீட்டருக்குள் பிரிட்டிஷ் சட்டம் எதுவும் கேட்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள், காப்பீட்டு நிறுவனம் கேட்கும், போகிற நாடும் கேட்கலாம். குரோவேஷியாவில் எந்தக் கொடியாக இருந்தாலும் ஓட்டுகிறவர் சான்றிதழ் காட்ட வேண்டும். ஐ.சி.சி. என்கிற சர்வதேசச் சான்று அங்கே உதவும், அதுவும் 24 மீட்டர் வரைதான். சொந்தப் படகை ஒரு வாரம் வாடகைக்கு விடலாம் என்று யோசித்தாலே அது வணிகப் படகு ஆகிவிடும், விதிப் புத்தகமே மாறிவிடும்.

பள்ளி தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்கச் சொல்வது: ஒரு படகில் எத்தனை பேர், பயிற்சி எடுத்த அதே படகிலேயே தேர்வா, எரிபொருளும் படகு கட்டும் கட்டணமும் யார் தலையில், இரவு ஓட்டம் எத்தனை. இவற்றுக்கு நேரடியாகப் பதில் சொல்லாத பள்ளியை விட்டுவிடுங்கள். மத்தியதரைக் கடல் பக்கமும் இதே பயிற்சி கிடைக்கும், வெயிலும் சுகமும் உண்டு, ஆனால் ஓதத்தைக் கற்க சாலென்டுக்கே போகச் சொல்வேன். ஜூன், ஜூலையில் வேண்டாம். அங்கே இருட்டவே பத்து மணி தாண்டும், இரவுப் பயிற்சி விடியும் வரை இழுத்துவிடும், மறுநாள் தூக்கக் கலக்கத்தில் ஒன்றும் ஏறாது. மார்ச் கடைசி அல்லது அக்டோபர் நல்லது. குளிருக்கு நல்ல மேல்சட்டையும், ஈரமானால் மாற்ற இன்னொரு ஜோடி கையுறையும் எடுத்துப் போங்கள், அங்கே போய் வாங்கினால் விலை இரட்டிப்பு.